அம்பாசடரின் நோயும் எங்க ஊர்த் தண்ணியும்

போன சித்திரையில எங்க வீட்டு அம்பாசடரை எடைக்குப் போட்டுடலாம்னு முடிவே பண்ணிட்டேன். பெருமாநல்லூர்ல இருந்து திருப்பூர் போறதுக்குள்ள ரெண்டு தடவை கொதிச்சு நின்னுச்சு. ஒரு பட்டறையில, "ஹெட் கேஸ்கட் போச்சுங்க, எஞ்சினை இறக்கணும்"னு பெரிய தொகையாச் சொன்னாங்க.

மனசு கேக்காம, எங்கய்யன் காலத்துல இருந்து வண்டி பாக்குற மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். முதல்ல புகையைப் பாத்தார். வெள்ளைப் புகை இல்ல. ஆயில் குச்சியை உருவிப் பாத்தார். கேஸ்கட் போய் தண்ணி கலந்திருந்தா ஆயில் பால் காப்பி மாதிரி ஆயிருக்கும், அதுவும் இல்ல. வண்டியை நிறுத்திட்டு ரேடியேட்டர்ல அங்கங்க தொட்டுப் பாத்தார். மேல சுட்டுச்சு, நடுவுல பாதி இடம் ஆறிக் கிடந்துச்சு. "தம்பி, இது வண்டிக் கோளாறு இல்ல, உங்க தோட்டத்துத் தண்ணிக் கோளாறு"ன்னார்.

யோசிச்சுப் பாத்தா, பழைய வண்டியோட ஒவ்வொரு நோயும் ஒரு வரலாறுதான்.

அம்பாசடரே இங்கிலாந்துல இருந்து வந்த உடம்பு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரீஸ் காரை வச்சு, மேற்கு வங்கத்து உத்தரபாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ் செஞ்சது. 1950-களின் கடைசியில தொடங்கி 2014 மே வரைக்கும் ஓடுச்சு. எங்க வண்டி 1986 மாடல் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்.

அந்த வண்டி வந்த புதுசுல ரேடியேட்டருக்கு ஊத்தினது கிணத்துத் தண்ணி. கிணறு வத்தி, போர் போட்டு, அதுவும் ஆயிரம் அடியைத் தாண்டினப்போ, சோத்துப் பானையிலயே வெள்ளையா உப்புப் படிய ஆரம்பிச்சது. அதே தண்ணியைத்தான் வண்டிக்கும் ஊத்திட்டு இருந்தோம். பானையைத் தேய்ச்சோம், ரேடியேட்டரை மறந்துட்டோம்.

பின்பக்கம் பட்டை உக்காந்து போனது வேற கதை. பனியன் தொழில் சூடு பிடிச்ச வருசங்கள்ல, பின் சீட்டைக் கழட்டிட்டு துணி பண்டல் ஏத்தாத அம்பாசடர் எங்க பக்கம் குறைவு. எங்களதும் ஏத்துச்சு.

2000 பிப்ரவரி 1-ல இருந்து நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்னு போச்சு. மூச்சுக் காத்துக்கு அது பெரிய நல்லது. ஆனா பழைய எஞ்சின்ல வால்வு சீட் தேயாம காத்தது அந்த ஈயம்தான். சில வருசம் கழிச்சு டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைஞ்சு, காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிச்சுது. ஹெட்டைக் கழட்டி கெட்டியான வால்வு சீட் வச்ச பிறகுதான் சரியாச்சு.

இப்போ 2023-ல இருந்து படிப்படியா 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பு போடுற எனக்கு அதுல சந்தோசம்தான், வண்டிக்கு இல்ல. பழைய ரப்பர் ஓஸை அது ஊற வச்சு, வெடிக்க வைக்கும். ஈரத்தை இழுக்கும், வண்டி மாசக்கணக்கா நின்னா டேங்க் துருப் பிடிச்சு, கார்புரேட்டர் அடைக்கும். எத்தனால் தாங்குற ஓஸ் மாத்தி, வாரம் ஒருக்கா ஓட்டுறேன்.

ரேடியேட்டரைக் கழட்டி, தொட்டியைப் பிரிச்சு, குழாய்க்குள்ள கம்பி விட்டுக் குடைஞ்சா, சுண்ணாம்பு மாதிரி கட்டி கட்டியா வந்துச்சு. எஞ்சினுக்குள்ள இருந்த சேறையும் தண்ணி அடிச்சுக் கழுவினோம். இப்போ டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும்தான். இந்த வருச வெயிலுக்கும் கொதிக்கல.

ஊர்ல பழைய வண்டி வச்சிருக்கிற நகரத்து நண்பர்களே, பட்டறைக்காரர் எஞ்சினை இறக்கணும்னு சொன்னா, ஒரு நாள் பொறுங்க. புகை என்ன நிறம், ஆயில் எப்படி இருக்கு, என்ன தண்ணி ஊத்தினோம்னு முதல்ல பாருங்க. சூடா இருக்கிறப்போ மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துடாதீங்க.

வண்டிக்கு நான் தண்ணியை மாத்திட்டேன். அந்தப் போர்த் தண்ணியைக் குடிக்கிற என் தென்னைக்கு என்ன பண்றதுன்னுதான் இன்னும் தெரியல.