மூடிய வான்கதவுகளும் ஓடும் ஆறும்: கனகராயன் ஆற்று வெளியேற்றம் பற்றிய ஒரு வாசிப்பின் மறுபரிசீலனை

கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுவரும் திட்டத்தை ஆதரித்து எழுதியவர்களும் எதிர்த்து எழுதியவர்களும் ஓர் எண்ணை மட்டும் ஒன்றுபோல நம்பிவந்திருக்கிறார்கள். ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுக் குளத்தில் வான் பாய்ந்த நீரின் அளவுதான் அது. வான் பாய்ந்த ஆண்டுகளின் தொகையைக் கூட்டி, இவ்வளவும் கடலுக்குப் போயிற்று என்கிறது ஒரு தரப்பு. வான் பாயாத ஆண்டுகளை எண்ணிக்காட்டி, அவ்வாண்டுகளில் வடமராட்சிக்கு அனுப்ப ஒரு சொட்டும் இல்லை என்கிறது மறுதரப்பு. இரண்டும் இரணைமடுக் கட்டில் நின்றுகொண்டு ஆற்றைப் பற்றிப் பேசுகின்றன. அந்த நீர் கடைசியாக வந்துசேர வேண்டிய வல்லைப் பாலத்துக்கும் நெல்லியடிக்கும் தேவைப்படும் கணக்கு வேறு.

சர்ச்சைக்குரியது வான் பாய்ந்த ஆண்டின் பெரிய எண் என்றே பலரும் கருதுவர். எனக்கு வான் பாயாத ஆண்டின் பூச்சியமே சிக்கலாகத் தெரிகிறது. வான்கதவுகள் திறக்கப்படவில்லை என்பதைத்தான் அந்தப் பூச்சியம் பதிவுசெய்கிறது. குளத்தை இயக்கியோர் எடுத்த முடிவின் பதிவு அது. அதைக் கீழே ஆறு ஓடவில்லை என்பதற்கான பதிவாக வாசிப்பதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்பட்டதில்லை. காட்டத் தேவையில்லாத அளவுக்கு வெளிப்படையானது என்று எண்ணியிருக்கலாம்.

பரப்பளவுகளை வைத்துப் பார்ப்போம். கனகராயன் ஆற்று வடிநிலம் ஏறக்குறைய 900 சதுர கிலோமீட்டர். இரணைமடுவின் நீரேந்துபகுதி சுமார் 588. ஆகவே வடிநிலத்தின் மூன்றிலொரு பங்கு, சுமார் 300 சதுர கிலோமீட்டர், குளக்கட்டுக்குக் கீழேயோ குளத்தைத் தொடாமலோ கிடக்கிறது. அங்கே விழும் மழையை மறிக்க இரணைமடுவில் கதவு ஏதும் இல்லை. அந்த நிலத்திலிருந்து 10 மில்லிமீட்டர் நீர் வழிந்தோடினாலே அது 3 மில்லியன் கனமீட்டர். தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீர் நன்னீராக்கும் நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர். ஆண்டு முழுதும் நிற்காமல் இயங்கினால் அது 8.76 மில்லியன். குளத்துக்குக் கீழுள்ள நிலம் ஓர் ஆண்டில் 30 மில்லிமீட்டர் வழிந்தோடவிட்டாலே அதற்கு ஈடாகிவிடும். 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் பகுதிக்கு 30 பெரிய எதிர்பார்ப்பு அல்ல. இவ்வளவும் சேமிக்கத்தக்க நீர் என்று நான் வாதிடவில்லை. மண் குடிப்பது, ஆவியாவது, உவரில் கலப்பது எல்லாம் கழிந்த பின் மிஞ்சுவது மிகக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் குறைவு என்பது வேறு, பூச்சியம் என்பது வேறு.

இதற்கு மேல் வயல்களின் கழிவுநீர் இருக்கிறது. இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கும் அதிகமான நெல்வயல் உண்டு. துருசால் திறந்துவிடப்படும் நீர் வான் கணக்கில் வராது. வயலில் பாய்ந்து, வரம்பு வெட்டி வடியும்போதும் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அதில் ஒரு பகுதி ஆற்றுக்கே திரும்புகிறது, இன்னொரு பகுதி வேறு வழியாகக் கடல்நீரேரியை அடைகிறது. பங்கு எவ்வளவு என்பதைக் கட்டில் நின்று சொல்ல முடியாது. சிறுபோகத்தில், வான்கதவுகள் மாதக்கணக்கில் மூடியிருக்கும் காலத்தில், ஆற்றில் நகரும் நீரின் பெரும்பகுதி இதுவாகவே இருக்கக்கூடும்.

வான் பாயும் நாட்களுக்கான எண்ணாவது திடமானதா என்றால், அதுவும் நினைப்பதைவிட நெகிழ்வானது. கதவுகள் முழுதும் திறந்து நீர் முகடு கடந்து விழும்போது, வெளியேற்றம் முகட்டின் மேலுள்ள நீருயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப வளரும். நீருயரம் ஓர் அடியாக இருக்கையில் அளவுகோல் வாசிப்பில் ஓர் அங்குலம் பிசகினால் வெளியேற்றம் ஏறக்குறைய 13 சதவீதம் பிசகும். குளத்தின் கட்டு வடக்கே, நீர்ப்பரப்பு அதற்குத் தெற்கே. வாடைக்காற்று வீசும் மாரியில் நீர் கட்டைவிட்டுத் தெற்கே தள்ளப்படுவதால் கட்டருகே உள்ள கோல் உண்மை மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்த்தியே காட்டும். அகன்ற, ஆழம் குறைந்த குளங்களில் இந்த வேறுபாடு அங்குலக் கணக்கிலானது, அதாவது மேற்சொன்ன பிசகின் அளவே. கதவுகள் பகுதியாகத் திறக்கும்போது நீருயரத்தின் செல்வாக்கு குறைந்து திறப்பின் அளவு ஆட்சி செய்கிறது. 6 அங்குலத் திறப்பில் அரை அங்குலம் தவறினால் 8 சதவீதம் போய்விட்டது. கதவு இரவில் இரண்டு தடவை கூட்டிக் குறைக்கப்பட்டு மட்டம் காலையில் ஒரு தடவை வாசிக்கப்பட்டால், இடைப்பட்ட மணித்தியாலங்கள் முழுவதும் ஊகத்திலேயே நிற்கும்.

ஆற்றில் அளப்பது இதைவிடக் கடினம் என்பது உண்மை. பாலத்திலிருந்து ஓட்டமானியை மீன் வடிவ ஈயக் குண்டுடன் கம்பியில் இறக்க வேண்டும். ஆற்றின் அகலத்தை இருபதுக்குக் குறையாத பட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தின் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் கிண்ணங்கள் சுழலும் எண்ணிக்கையை நாற்பது செக்கனுக்கு மேல் எண்ண வேண்டும். குண்டு கீழ்நோக்கி இழுபட்டால் கம்பி சாயும். சாய்வைத் திருத்தாவிட்டால் ஆழம் கூடுதலாகப் பதிவாகும். இப்படிப் பல மட்டங்களில் அளந்த பின்னரே மட்டத்தையும் வெளியேற்றத்தையும் இணைக்கும் வளையியை வரையலாம். நீர்த்தேக்கத்துக்குக் கீழே அந்த வளையியும் நிலைத்து நிற்பதில்லை. குளம் மணலை வடித்துக்கொண்டு தெளிநீரை விடுவதால் கீழே ஆற்றுப்படுகை அரிபடும். கனகராயன் ஆற்றில் மணல் அகழ்வும் சேர்கிறது. போன மாரியில் கோலில் 3 அடி காட்டிய வெளியேற்றம் இந்த மாரியில் இரண்டரை அடியே காட்டலாம். இதைச் சுட்டிக்காட்டி, ஆற்றில் அளப்பதைவிடக் கட்டில் கணக்கிடுவதே நம்பகமானது என்போர் உளர். வளையியை ஆண்டுதோறும் திருத்துவது உலகெங்கும் நீரளவையாளரின் அன்றாட வேலை. அதை ஒரு மறுப்பாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

காவிரி வழக்கு இங்கே உதவும். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய நீரை 2007இல் நடுவர் மன்றம் 192 டிஎம்சி என்றும், 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்றும் வகுத்தபோது, அளவிடும் இடம் கிருஷ்ணராஜ சாகரோ கபினியோ அல்ல. மத்திய நீர் ஆணையம் அளவிடும் பிலிகுண்டுலுவே அந்த இடம். அணைகளுக்கும் பிலிகுண்டுலுவுக்கும் இடையே கட்டுப்பாடற்ற நீரேந்துபகுதி ஒன்று உண்டு. மேலே எவ்வளவு திறந்தார்கள் என்பதற்குப் பதிலாகக் கீழே எவ்வளவு வந்தது என்று கேட்டதால்தான் அந்நிலத்து மழையும் கணக்கில் ஏறியது. நம் ஆய்வுகள் கனகராயனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

போர்க்காலத்தில் பதிவுகள் அறுந்துபோனதால் எந்தத் தொடரும் முழுமையாகாது என்ற வாதத்தை நீட்டத் தேவையில்லை. அறுந்த தொடரை இனியும் தொடங்காமலிருப்பதற்கு அது காரணமாகாது. ஆனையிறவு எப்படியும் உவர்தானே என்பதும் அப்படியே. உவரை வெளியேற்ற எவ்வளவு நன்னீர் வேண்டும் என்பதை அறியவாவது நன்னீரின் வரத்து தெரிய வேண்டும்.

கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பு வேறு தரத்தது. குளத்து நீர் தங்கள் காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் உரியது என்பதில் நியாயம் உண்டு. அந்த நியாயத்துக்குக் கீழ்நில அளவீடு துணையாகவே அமையும் என்று நினைக்கிறேன். வடமராட்சியின் கேள்வி இரணைமடுத் துருசை விட்டு விலகி, குளத்தால் ஒருபோதும் தேக்க முடியாத 300 சதுர கிலோமீட்டருக்கு நகர்ந்துவிடும். வான் பாய்ந்தால் மட்டுமே ஆறு என்ற வாசிப்புத்தான் இதுவரை இரு தரப்பையும் ஒரே துருசின் முன் நிறுத்திவைத்திருக்கிறது.

இடத்தைப் பொறுத்தவரை, ஆறு பரந்தன்–முல்லைத்தீவு வீதியைக் கடக்கும் பகுதியே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. மேலே போனால் வயல் வடிகால்கள் சில தப்பிவிடும். கண்டாவளைப் பக்கம் இறங்கினால் கடல்நீரேரியின் பின்னீர் மட்டத்தை உயர்த்திக்காட்டும், அங்கே கோலின் ஒரே வாசிப்புக்கு இரண்டு வெளியேற்றங்கள் பொருந்தும். 2018 டிசம்பர் போன்ற வெள்ளத்தில் நீர் கரை கடந்து வயல்வெளியில் பரவும்போது பாலத்தடி அளவு போதாது. வீதியை ஊடறுக்கும் மதகுகளிலும் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கும். ஆனால் முதல் வேலை வெள்ளத்துக்குக் காத்திராமல் ஐப்பசியில் தொடங்க வேண்டும். குளம் நிரம்பிக்கொண்டிருக்கும், வான்கதவுகள் மூடியிருக்கும் அந்த வாரங்களில் பாலத்தடியில் ஓடுவது முழுவதும் கீழ்நிலத்தின் நீர். பின்னர் வான் பாயும்போது அதைத் தனியே பிரித்தறிய வழியில்லை.