காந்தம்

நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்தைத் தாண்டினால் கஞ்சமலை. மேக்னடைட் என்னும் இரும்புத்தாது நிறைந்த மலை. அதன் கருவரி ஓடிய கல்லைத் திசைகாட்டி அருகே வைத்தால் முள் அசையும். இரும்புக்கும் காந்தத்துக்கும் உள்ள இந்த உறவைத்தான் ‘காந்தம்’ என்ற சொல்லும் காட்டுகிறது. வடமொழியில் ‘காந்த’ என்றால் விருப்பத்துக்குரியவர். லட்சுமிகாந்தனில் இருப்பதும் அதுவே. ‘அயஸ்’ இரும்பு. அயஸ்காந்தம், இரும்பின் காதலன். தமிழில் அயஸ் உதிர்ந்து காந்தம் மட்டும் நின்றது.

‘வயிறு காந்துகிறது’, அடிப்பிடித்த சோற்றுக் ‘காந்தல்’ இவற்றோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. எனக்கு ஒப்புதலில்லை. காந்தினால் காந்தம் போய்விடும்: இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸில் தன் காந்தத்தன்மையை இழக்கிறது.

இழுப்பது மட்டுமே அதன் வேலை என்றும் எண்ண வேண்டாம். காந்தப்புலம் ஒளியின் அதிர்வுத் தளத்தையே திருப்பும் என்று 1845-இல் ஃபாரடே கண்டார். இன்று லேசர் கொண்டு காந்தப் பொருள்களைச் சோதிக்க இதுவும் ஒரு வழி. காந்த ஆய்வில் நம்மவர் பங்கும் உண்டு. படிகங்களின் காந்தப் பண்பை நுட்பமாக அளந்து பெயர்பெற்ற கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்தவர். தமிழிலும் அறிவியல் எழுதியவர்.