காவலரணில் நின்றவரின் குற்றம், நிறுத்தியவரின் பொறுப்பு

செம்மணி பற்றி எழுதும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி வரும்: "ஆமிக்காரருக்குத் தண்டனை குடுத்தாச்சுத்தானே, இனி அரசாங்கத்திட்டை என்ன கேட்கிறது?" இதில் இரண்டு வேறு சட்டங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டு, வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் ஆகியோரும் கொல்லப்பட்டனர். 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. அது குற்றவியல் தீர்ப்பு. செய்தவரை மட்டுமே அது பார்த்தது.

குடியியல் சட்டம் பார்ப்பது, செய்தவரை வேலைக்கு வைத்திருந்தவரை. யாழ்ப்பாணத்தவரின் சொத்துக்குத் தேசவழமை உண்டு. நட்டஈட்டு வழக்குக்கோ நாடு முழுவதும் உரோம-டச்சுச் சட்டமே அடிப்படை. பஸ் கம்பனியின் சாரதி சேவையில் இருக்கும்போது ஒருவரை இடித்தால் கம்பனியும் பொறுப்பு. நீண்டகாலம் அரசு மட்டும் இதற்கு வெளியே நின்றது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான், தன் ஊழியர் செய்த தீங்குக்காக அரசின் மீதும் வழக்குப் போட வழி பிறந்தது. எதிராளியாகச் சட்டமா அதிபர் பெயரிடப்படுவார்.

'கொலையும் வன்புணர்வும் நாங்கள் கொடுத்த வேலையல்ல' என்று முதலாளி சொல்லலாம். கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். இதே உரோம-டச்சு மரபிலுள்ள தென்னாபிரிக்காவில் அந்த வாதம் தோற்றது. 1999இல், இரவில் வழியில் தனித்துநின்ற பெண்ணொருவரை வீட்டில் விடுவதாக ஏற்றிச்சென்ற மூன்று பொலிஸார் வன்புணர்வு செய்தனர். மூவரும் சீருடையில், கடமையில் இருந்தவர்கள். கீழ் நீதிமன்றங்கள் அரசைப் பொறுப்பாக்க மறுத்தன. 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றியது: அவர் வாகனத்தில் ஏறியது பொலிஸை நம்பி, பாதுகாக்கும் கடமையை மீறியும்தான் அக்குற்றம் நடந்தது, எனவே அரசும் பொறுப்பு. காவலரணில் சைக்கிளை நிறுத்தி இறங்கிய எங்களுக்கு இந்தத் தர்க்கத்தை விளக்கத் தேவையில்லை. தென்னாபிரிக்கத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சட்டத்தரணி அதை எடுத்துக்காட்டி வாதாடலாம்.

உண்மையான முட்டுக்கட்டை காலம். நட்டஈட்டு வழக்குக்குக் காலாவதிச் சட்டம் தருவது 2 வருடம். அடிப்படை உரிமை மனுவுக்கு 1 மாதம். போரினால் வழக்காட முடியாமற் போனவர்களுக்கென 2016இல் வந்த விசேட சட்டமும் காணி போன்ற அசையாச் சொத்துகளுக்குத்தான். காணிக்குக் கிடைத்த அவகாசம் உயிருக்குக் கிடைக்கவில்லை.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் சட்டத்தரணியிடம் முதலில் கேட்கவேண்டியது, அந்த 2 வருடம் காணாமற்போன நாளிலிருந்தா, உடல் அடையாளம் காணப்படும் நாளிலிருந்தா எண்ணப்படும் என்பதை.