நிறுவன இயக்குநரின் கல்விக் கடமை

ஒரு நிறுவனத்தின் இயக்குநர் அதன் தொழிலை எவ்வளவு அறிந்திருக்க வேண்டும், பதவியில் இருக்கும்வரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சட்டம் இன்று தரும் விடை, நூறாண்டுக்கும் மேலாகப் பல வழக்குகளின் வழியே உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இயக்குநர் பதவி பெரும்பாலும் கௌரவப் பதவியாகவே இருந்தது. பங்கு விற்பனை அறிக்கையில் ஒரு பிரபுவின் பெயர் இருந்தால் முதலீட்டாளர்கள் நம்பி வருவார்கள்; அவரிடம் அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் காலத்தின் நிலையைக் காட்டுவது கார்டிஃப் சேமிப்பு வங்கி வழக்கு. 1848இல் தந்தை இறந்தபோது பியூட் பிரபுவுக்கு வயது ஆறு மாதம். பட்டம், சொத்து ஆகியவற்றோடு வங்கியின் தலைவர் பதவியும் அந்தக் குழந்தைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த 38 ஆண்டுகளில் அவர் கலந்துகொண்டது ஒரே ஒரு நிர்வாகக் கூட்டத்தில்தான். 1886இல் வங்கி மூழ்கியது. இழப்புக்கு அவரைப் பொறுப்பாக்கக் கோரிய வழக்கில் 1892இல் தீர்ப்பு வந்தது: மற்றவர்கள் வேலையைச் சரியாகச் செய்வார்கள் என்று அவர் நம்பியிருந்தது தவறல்ல. அது நிறுவனமல்ல, அறங்காவலர்கள் நடத்திய சேமிப்பு வங்கிதான். ஆனாலும் நிறுவன இயக்குநர்கள் மீதான வழக்குகளில் இந்தத் தீர்ப்பு நெடுங்காலம் எடுத்துக்காட்டப்பட்டது.

1911இல் பிரேசில் ரப்பர் தோட்ட நிறுவனம் ஒன்றின் வழக்கு வந்தது. இயக்குநர்களில் ஒருவருக்கு வணிகமே தெரியாது. இன்னொருவர் காது கேளாத 75 வயது முதியவர். மூன்றாமவர் ரப்பர் தரகர். சரக்கு இங்கிலாந்து வந்ததும் விலை மதிப்பிட்டுச் சொன்னால் போதும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ரப்பரைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் ரப்பர் நிறுவனத்தை நடத்த முன்வரலாம், அறியாமையால் வரும் பிழைகளுக்கு அவர் பொறுப்பல்ல என்று நீதிமன்றம் கூறியது. 1925இல் சிட்டி ஈக்விட்டபிள் காப்பீட்டு நிறுவன வழக்கில் நீதிபதி ரோமர் இதையே முறைப்படுத்தினார்: இயக்குநரிடம் அவருக்கு உள்ள அறிவையும் அனுபவத்தையும் வைத்து எதிர்பார்க்கக்கூடிய திறமைக்கு மேல் கேட்கக் கூடாது. இந்த அளவுகோலின் விளைவு விபரீதமானது. அதிகம் தெரிந்தவருக்கு அதிகப் பொறுப்பு, தெரியாதவருக்குக் குறைந்த பொறுப்பு என்றானபின், இயக்குநர் ஒருவர் கற்றுக்கொள்ளாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பானது.

இதற்கு முன்பே லண்டனில் 1903இல் இயக்குநர்களுக்கென ஒரு சங்கம் தோன்றி, 1906இல் அரச சாசனமும் பெற்றது. ஆனால் அளவுகோலை உண்மையில் மாற்றியவை 1980களிலிருந்து வந்த சட்டங்களும் நிறுவனச் சரிவுகளும்தான். பிரிட்டனின் 1986 நொடிப்புச் சட்டம், ஒருவருக்குச் சொந்தமாக உள்ள அறிவோடு, அந்தப் பணியைச் செய்பவரிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படும் அறிவையும் சேர்த்துக் கணக்கிட்டது. எனக்குத் தெரியாது என்பது அதன்பிறகு முழுமையான பதிலாக இல்லை.

கல்வி தொடர வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொன்னது பேரிங்ஸ் வங்கி வழக்கு. 1762இல் தொடங்கிய அந்த வங்கி 1995 பிப்ரவரியில் வீழ்ந்தது. சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற வணிகர் 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் நட்டத்தை மறைத்து வந்தார். மொத்த இழப்பு சுமார் 82.7 கோடி பவுண்டு. வாங்கி விற்பவரும் அதற்குக் கணக்கு முடிப்பவரும் அவரே. இடர் மிகக் குறைந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வணிகத்தில் இவ்வளவு லாபம் எப்படி வருகிறது என்று மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதற்கு முதலில் அந்த வணிகம் புரிந்திருக்க வேண்டும். முன்னாள் இயக்குநர்கள் மூவரைத் தகுதிநீக்கம் செய்த வழக்கில், நிறுவனத்தின் தொழிலைப் புரிந்துகொள்ளப் போதுமான அறிவைப் பெறுவதும் அதைப் பேணி வருவதும் இயக்குநரின் தொடர் கடமை என்று நீதிமன்றம் 1999இல் கூறியது. பேணி வருவது என்ற பகுதியே இதில் புதியது. பொறுப்பேற்ற நாளில் இருந்த அறிவு பத்தாண்டு கழித்தும் போதும் என்று இனி வாதிட முடியாது.

ஆஸ்திரேலியாவில் சென்ட்ரோ என்ற நிறுவனத்தின் வழக்கு, கற்க வேண்டியது எது என்பதையும் காட்டியது. அதன் 2007 ஆண்டறிக்கையில் ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய சுமார் 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன் நீண்டகாலக் கடனாகப் பதிவாகியிருந்தது. நிறுவனத்தின் நிதிப் பிரிவு தயாரித்து, தணிக்கையாளர்கள் பார்த்த கணக்கு என்ற வாதத்தை 2011இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. நிதிநிலை அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கணக்கறிவு ஒவ்வொரு இயக்குநருக்கும் வேண்டும் என்றது.

இந்தியாவில் 1970 வரை நிர்வாக முகவர் முறை இருந்ததால், பல நிறுவனங்களில் அதிகாரம் முகவர்கள் கையில் இருந்தது. இயக்குநர் குழு பெயரளவில்தான். பட்டியலிட்ட நிறுவனங்களுக்கான ஆளுகை விதிகள் குமார் மங்கலம் பிர்லா குழுவின் பரிந்துரைப்படி 2000இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வழியாக வந்தன. சத்யம் கணினி நிறுவன விவகாரம் அந்த விதிகளின் குறையை வெளிப்படுத்தியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், 5,040 கோடி ரூபாய் அளவுக்கு வங்கி இருப்பு போலி என ஒப்புக்கொண்டார். சில நாட்களுக்கு முன்வரை அந்த இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர், மேலாண்மைக் கல்லூரித் தலைவர், முன்னாள் அமைச்சரவைச் செயலர் எல்லாம் இருந்தார்கள். படிப்புக்குக் குறைவில்லை. இல்லாமல் போனது, வங்கி இருப்புச் சான்றை நேரே கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பட்டம் தருவதில்லை. பயிற்சிதான் தர முடியும்.

2013 நிறுவனச் சட்டம் இயக்குநர் உரிய கவனத்துடனும் திறமையுடனும் நடக்க வேண்டும் என்று விதித்தது. அதன் நான்காம் அட்டவணை, நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர்கள் தம் அறிவையும் திறனையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளச் சொல்கிறது. 2019 டிசம்பரில் அவர்களுக்கான தரவுத்தளமும் இணையவழித் திறனறித் தேர்வும் வந்தன. முதலில் 60 சதவீதமாக இருந்த தேர்ச்சி மதிப்பெண் அடுத்த ஆண்டு 50 ஆனது. அனுபவம் உள்ள பலருக்கு விலக்கும் உண்டு. தேர்வு ஒருமுறைதான், தேறியவர் மறுபடி எழுத வேண்டியதில்லை. சட்டம் கேட்கும் புதுப்பித்தலுக்கு இந்தத் தேர்வு ஈடாகாது. அந்தப் பணி செபியின் 2015 விதிகளின் கீழ் நிறுவனங்களிடம் விடப்பட்டுள்ளது. தொழிலின் தன்மை, வணிக முறை, பொறுப்புகள் ஆகியவற்றைச் சுயேச்சை இயக்குநர்களுக்கு விளக்கும் வகுப்புகளைப் பட்டியலிட்ட நிறுவனங்கள் நடத்த வேண்டும். அவற்றில் எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்பதை இணையதளத்தில் வெளியிடவும் வேண்டும். குறைந்தது எத்தனை மணி நேரம் என்பதை அந்த விதி வரையறுக்கவில்லை.