கால் மணி நேரம் என்று வந்தவர்

1935 மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் தனியாக நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம்தான். வந்த வியாபாரமும் கைகூடவில்லை. பக்கத்து மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். உள்ளே போனால் தொலைந்தோம் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு குடிகாரரிடம் பேசினால் தப்பலாம் என்று தோன்றிற்று. கூடத்தில் தேவாலயங்களின் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்துத் தொலைபேசியில் விசாரித்தார்.

மறுநாள் மாலை, ஒரு பெண்மணியின் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் என்று வந்த டாக்டர், இரவு பதினொரு மணி வரை எழுந்திருக்கவில்லை. பில் உபதேசம் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார். டாக்டர் குடியை விட்ட நாளாகக் கொள்ளப்படும் ஜூன் 10தான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்த நாள்.

பிரான்சில் வழிகாட்டியது பத்திரிகை. எழுத்தாளர் ழோசேஃப் கெசெல் நியூயார்க் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டு, 1960இல் ‘பிரான்ஸ் சுவார்’ நாளிதழில் தொடராக எழுதினார். அதன் பின்னரே பாரிஸில் பிரெஞ்சுக் குழு உருவாயிற்று.

இன்று நம் நாட்டிலும் கூட்டங்கள் உண்டு. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’ என்று தனிக் கூட்டமும் இருக்கிறது. சாராயக் கடைக்கு வழி கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை, இதற்குத்தான் கூசுகிறோம். வீட்டில் ஒருவர் தவித்தால், நாமே விசாரித்து, முதல் நாள் வாசல்வரை கூடப் போய்வரலாம்.