பேராயர் அசரியா: பிறர் ஒப்புதலைச் சாராத தன்மதிப்பு

வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945) ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆவார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த இவர், அன்று ஐதராபாத் நிசாமின் ஆட்சியில் இருந்த தோர்ணக்கலில் பணியாற்றி அங்கேயே மறைந்தார். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து இந்தியக் கிறிஸ்தவரை மிஷனரிகள் பெரும்பாலும் தமக்குக் கீழ்ப்பட்ட உதவியாளராகவே கண்டனர். சாதிச் சமூகமோ அவரைப் பிறப்பால் தாழ்ந்தவராகக் கண்டது. இவ்விரு தரப்பாரின் ஒப்புதலுக்கும் காத்திராமல் தன் மதிப்பைத் தன் நம்பிக்கையிலிருந்தே பெற்றவர் என்பது அசரியாவின் வரலாற்றுச் சிறப்பு.

பின்னணி

அசரியா நாடார் சமூகத்தில், சிற்றூர்ப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 19-ஆம் நூற்றாண்டில் இச்சமூகத்தினருக்குக் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்தது. அருகிலிருந்த திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1859-இல்தான் அரசாணை பெற்றனர். இப்பகுதியில் கிறிஸ்தவம் பரவியபோது மக்கள் அதில் ஒரு புதிய சமயத்தோடு தலைநிமிரும் உரிமையையும் கண்டனர். மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர், கிருபை உழைத்துச் சம்பாதிக்கும் கூலி அன்று என்ற போதனைகள், பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் முறைக்கு நேர் எதிரானவையாக இருந்தன.

ஒரே கல்லூரி, இரு விடைகள்

அசரியா 1890-களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றார். பட்டம் பெறாமலே வெளியேறினார். அதே கல்லூரிக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர், 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். முருகன் மலையடிவாரத்து ஊரில் வளர்ந்த அவர், திருப்பதியின் லுத்தரன் மிஷன் பள்ளியிலும் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் படித்தபின் சென்னை வந்தார். இந்து சமயத்தின் மீது கிறிஸ்தவ ஆசிரியர்கள் வைத்த விமர்சனம் தன் பெருமிதத்தைப் புண்படுத்தியதாக அவர் பின்னாளில் எழுதினார். அந்தக் காயமே அவரை வேதாந்த ஆய்வுக்குத் தூண்டியது. 1908-இல் அவர் எழுதிய ஆய்வேடு வேதாந்தத்தின் அறவியல் பற்றியது.

அந்நியரின் தராசில் நிறுக்கப்படும் இந்தியர் தன் மதிப்பை எங்கே காண்பது என்ற கேள்வி இருவருக்கும் பொதுவானது. இராதாகிருஷ்ணன் விடையைத் தன் மரபில் தேடினார். மிஷனரிகள் கொண்டுவந்த அதே நம்பிக்கைக்குள் நின்று, அவர்களின் மேலாதிக்கத்தை மட்டும் ஏற்க மறுத்தார் அசரியா.

அந்த மறுப்பு முதலில் செயலாக வெளிப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. செயலராக இருந்த அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே மிஷன் பணி நடத்துவதைக் கண்டார். அதன் விளைவாக 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியரின் பணத்தில், இந்தியரின் நிர்வாகத்தில், இந்தியரையே அனுப்புவது அதன் கொள்கை. 1905-இல் தேசிய மிஷனரி சங்கம் உருவானதிலும் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

எடின்பரோ உரை, 1910

1910 ஜூனில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் சுமார் 1,200 பேராளர்கள் கலந்துகொண்டனர். ஆசியர் இருபதுக்கும் குறைவு. வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான உறவு பற்றிப் பேச அசரியா அழைக்கப்பட்டார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் மேலிருந்து இறங்கும் பரிவு உறவாகாது என்றார். உடன் பணியாற்றும் இந்தியரைத் தம் வீட்டுக்கு அழைக்காதவர்களும், அவர் வீட்டுக்குப் போகாதவர்களும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இறுதியில் அவர் கேட்டது நட்பை மட்டுமே. உரை அரங்கில் அதிர்ச்சியையும் எதிர்ப்பையும் எழுப்பியது.

இதுவும் ஒப்புதல் வேண்டல்தானே என்று தோன்றலாம். ஒப்புதல் கேட்பவர் எதிரில் இருப்பவரைத் தன் நீதிபதியாக ஏற்றுக்கொள்கிறார். நட்பு கேட்பவரோ தன்னை முன்னமே சமமாக வைத்துப் பேசுகிறார். அசரியா பேசியது இரண்டாவது நிலையிலிருந்து.

தோர்ணக்கல் பணி

1909-இல் குருப்பட்டம் பெற்ற அசரியா, தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல் பகுதிக்குச் சென்றார். சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட்டின் ஆதரவுடன், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஓர் இந்தியர் ஐரோப்பியருக்கு மேலதிகாரியாக முடியுமா என்ற எதிர்ப்பு மிஷனரிகளிடையே இருந்தது. பின்னர் மறைமாவட்டம் விரிந்தபோது ஐரோப்பிய மிஷனரிகளும் அவர் பொறுப்பின்கீழ் வந்தனர்.

அங்கே திருச்சபையில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற உழைப்பாளிகள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தம் தலைமீது கை வைத்து, நற்செய்தியை அறிவிப்பது தம் கடமை என்று உறுதி கூறும் வழக்கத்தை அசரியா ஏற்படுத்தினார். ஊரில் யாரும் கருத்துக் கேட்டிராத ஒருவர் அக்கணத்தில் சொல்வதற்குச் செய்தி உடையவராக ஆனார். ஏழைகளும் காணிக்கை கொடுக்க வேண்டும் என அவர் வற்புறுத்தியதற்கும் இதுவே அடிப்படை. எப்போதும் பெறுபவராகவே இருப்பவர் தன்னைத் தாழ்வாகவே எண்ணிக்கொள்வார். ஒரு பிடி தானியம் கொடுப்பவர் சபையின் உரிமையாளர் ஆகிறார். இவர் காலத்தில் மறைமாவட்டத்தின் கிறிஸ்தவர் எண்ணிக்கை 2 இலட்சத்தைக் கடந்தது. பணியில் இவருடைய மனைவி அன்பு மரியம்மாளின் பங்கு பெரிது. தென்னிந்தியக் கோயில் மண்டபத் தூண்களையும் இஸ்லாமியக் குவிமாடங்களையும் இணைத்துக் கட்டப்பட்ட தோர்ணக்கல் பேராலயம் 1939-இல் திறக்கப்பட்டது. ஐரோப்பியத் தேவாலயத்தை அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை என்பதற்கு அது கல்லில் அமைந்த சான்று.

விமர்சனங்களும் வரம்புகளும்

1930-களில் கூட்டு மதமாற்றங்களைக் காந்தியடிகள் கடுமையாக விமர்சித்தார். ஒடுக்கப்பட்டோர் சமயத்தை ஆராய்ந்து தேர்பவர்களா என்று ஐயம் எழுப்பினார். அவர்களின் மாற்றம் அவர்களுடைய வாழ்வில் தெரிகிறது என்பது அசரியாவின் நிலைப்பாடு. அதே சமயம், கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி கேட்பதை இவர் எதிர்த்தார். அரசியல் சலுகை திருச்சபையின் அடையாளமாகக் கூடாது என்று கருதினார்.

சாதி முற்றிலும் மறைந்துவிடவில்லை. மாலா, மாதிகா வேறுபாடு சபைக்குள்ளும் நீடித்தது. கிராமத்து நிலவுடைமை உறவுகள் ஞானஸ்நானத்தால் மாறிவிடவுமில்லை. உள்ளத்தில் பெற்ற மதிப்பு நிலத்தையும் கூலியையும் தானே தந்துவிடாது என்பதைத் தோர்ணக்கல் வரலாறும் காட்டுகிறது.

வரலாற்று இடம்

தென்னிந்தியத் திருச்சபைகளை ஒன்றிணைக்கும் முயற்சிக்கு வித்திட்ட 1919 தரங்கம்பாடி மாநாட்டில் அசரியா முன்னின்றார். அதன் பலனான தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானபோது இவர் உயிருடன் இல்லை. பட்டம் பெறாமல் கல்லூரியை விட்ட இவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பின்னர் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அந்த அங்கீகாரம் வந்த காலத்தில் அவருடைய அன்றாடம் தெலுங்குச் சிற்றூர்களின் சேரிகளில் கழிந்துகொண்டிருந்தது.