பாதி தெரிந்த மகன்

'சும்மா ஆன்லைன் ஃப்ரெண்டுதானே'ன்னு யாராவது சொன்னா, எனக்கு மாட்ஸ் ஸ்டீன் ஞாபகம்தான் வரும்.

2014 நவம்பரில் நார்வேயில் இறந்தபோது அவருக்கு 25 வயது. டுஷென் தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடியே பிள்ளையின் காலம் போய்விட்டது, நட்பு, காதல் எதையும் அவன் பார்க்கவில்லை என்பதுதான் பெற்றோருக்குப் பெரிய துக்கம்.

மகன் எழுதிவந்த இணையப் பக்கத்தில் அப்பா ராபர்ட் மரணச் செய்தியைப் போட்டு, தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார். கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஸ்டார்லைட் என்ற விளையாட்டுக் குழுவில் அவர் பெயர் இபெலின். எழுதியவர்கள் அந்த இபெலினோடு பல வருஷம் பழகியவர்கள். ஆட்டிசம் உள்ள மகனோடு நெருங்க ஒரு தாய்க்கு அவர் வழி சொல்லியிருக்கிறார். இறுதிச் சடங்குக்கு வேறு நாடுகளிலிருந்தும் சிலர் வந்தார்கள். வர முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

இந்த நண்பர்களில் பலருக்கு அவருடைய நோய் பற்றி நெடுநாள் தெரியாது. சொன்னால் பரிதாபப்படுவார்கள் என்று மறைத்திருந்தார். பெற்றோருக்கு உடம்பு தெரியும், இவர்களுக்கு மனசு தெரியும். ரெண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்தது அவர் போன பிறகுதான். உயிரோடு இருக்கும்போதே சேர்ந்திருக்கலாமே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.